எடை இறங்கியது, மாத்திரை இறங்கவில்லை: 68 வயதில் உடல் இளைத்த ஓர் அக்காவின் நிகழ்வு ஆய்வு

எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஒரு மூத்தோர் நிலையம் இருக்கிறது. வாரத்தில் இரண்டு காலை அங்கே தொண்டூழியம் செய்கிறேன். அதற்கு முன் 30 ஆண்டுக்கு மேல் தாதியாக வேலை பார்த்தேன். நிலையத்துக்கு வரும் ஓர் அக்காவுக்கு 2024 பிப்ரவரி முதல் 2025 அக்டோபர் வரை நடந்ததை, அவருடைய சம்மதத்தோடு இங்கே பதிவு செய்கிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன். அவரைப் பார்த்த மருத்துவர்களின் பெயரும் மருந்தகத்தின் பெயரும் இதற்குத் தேவையில்லை. நடந்த பிழை யாரோ ஒருவருடையது மட்டும் இல்லை. என் பங்கும் அதில் இருக்கிறது.

பின்னணி

அக்காவுக்கு அப்போது 68 வயது, அவர் கணவருக்கு 72. மூவறை வீட்டில் இருவர் மட்டும். மகன் குடும்பத்தோடு வேறு பேட்டையில் இருக்கிறார். அக்காவுக்கு 14 ஆண்டாக இனிப்புநீர். சிங்கப்பூரில் எங்கள் தலைமுறைத் தமிழர்கள் நீரிழிவை அப்படித்தான் சொல்வோம். மெட்ஃபார்மின் 850 மில்லிகிராம் காலையும் இரவும், கிளிப்பிசைடு காலையில் 10, இரவுச் சாப்பாட்டுக்கு முன் 5. ரத்த அழுத்தத்துக்கு பிசோப்ரோலோல், கொழுப்புக்கு ஒரு மாத்திரை. பலதுறை மருந்தகத்தில், அதாவது பாலிகிளினிக்கில், நான்கு மாதத்துக்கு ஒருமுறை மருத்துவரைப் பார்த்துவந்தார்.

உயரம் 152 சென்டிமீட்டர், எடை 74.2 கிலோ. உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் பிஎம்ஐ 32. ஆசியர்களுக்கு 23 வந்தாலே கவனம் தேவை, 27.5 என்றால் அதிக ஆபத்து என்பது சிங்கப்பூரில் பின்பற்றப்படும் அளவு. இடுப்புச் சுற்றளவு பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். அவருக்கு 101. ரத்தச் சர்க்கரையின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8.6 விழுக்காடு.

இதில் எதுவும் எங்கள் நிலையத்துக்குப் புதிதல்ல. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிரான போரை அறிவித்தது. 2017 தேசிய தினப் பேரணி உரையில் அன்றைய பிரதமர் லீ சியன் லூங், 60 வயதைத் தாண்டிய இந்தியர்களில் 10 பேரில் 6 பேருக்கு நீரிழிவு இருப்பதைச் சொன்னார். புதன்கிழமை வகுப்புக்கு வரும் எங்கள் ஆட்களிடம் கை தூக்கச் சொன்னாலே அது தெரியும்.

அக்காவை எடை குறைக்கத் தூண்டியது சர்க்கரை இல்லை, முட்டி. வலது முட்டி தேய்ந்திருந்தது. எலும்பு மருத்துவர், "60 கிலோவுக்கு வந்துட்டு வாங்க, அப்புறம் ஆபரேஷன் பத்திப் பேசலாம்" என்று சொல்லி அக்டோபரில் நாள் கொடுத்தார். அக்கா வீட்டுக்கு வந்து சமையலறை நாட்காட்டியில் சிவப்புப் பேனாவால் 60 என்று எழுதி வைத்தார். அந்த எண்ணைச் சொன்னவர் அவர் என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்கவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

பிப்ரவரி முதல் ஜூன் வரை

முதல் நான்கு மாதம் அவர் செய்தது எல்லாமே சரி.

அதுவரை காலையில் கணவரோடு காப்பிக்கடையில் இரண்டு பரோட்டா, இனிப்புக் கெட்டிப்பால் ஊற்றிய தேநீர். நாள் முழுக்க அப்படி நான்கு தேநீர். மதியம் குவித்த சோறு, இரவில் மறுபடியும் சோறு அல்லது நான்கு தோசை. முதலில் தேநீரைப் பாலும் சர்க்கரையும் இல்லாத 'தே ஓ கோசோங்' ஆக்கினார். கடையில் தயாரிக்கும் பானங்களுக்கும் 2023 டிசம்பர் 30 முதல் நியூட்ரி-கிரேட் எழுத்து, அதாவது சர்க்கரையையும் கொழுப்பையும் பார்த்து 'ஏ' முதல் 'டி' வரை போடும் தரம், வந்திருந்தது. பெரிய கடைகளின் பலகையில் 'டி' என்று பார்த்ததும்தான் தன் தேநீரில் எவ்வளவு இனிப்பு இருக்கிறது என்பது உறைத்தது என்றார். 100 மில்லிலிட்டரில் 10 கிராமுக்கு மேல் சர்க்கரை இருந்தால் அந்த 'டி'. பரோட்டாவை வாரம் ஒருநாள் ஆக்கினார். சோற்றைப் பாதியாக்கினார். வாரத்துக்கு ஐந்து மாலை பூங்கா இணைப்புப் பாதையில் அரை மணி நேரம் நடந்தார்.

ஜூன் கடைசியில் எடை 70.6. எச்பிஏ1சி 7.2. நான்கு மாதத்தில் 3.6 கிலோ, மாதத்துக்கு ஒரு கிலோகூட இல்லை. 68 வயதுக்கு அது நல்ல வேகம். இந்த வேகத்திலேயே போயிருந்தால் இதை எழுத வேண்டி வந்திருக்காது.

ஜூலை முதல்: பார்த்ததும் பார்க்கத் தவறியதும்

ஜூலையில் அக்டோபர் கெடு அவரை அழுத்தத் தொடங்கியது. 60க்கு இன்னும் 10 கிலோ. வாட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய உணவு முறையைப் பிடித்துக்கொண்டார். காலையில் கோப்பி ஓ கோசோங்கும் இரண்டு பிஸ்கட்டும். மதியம் ஒரு கைப்பிடி சோறு, ரசம், காய், ஒரு கரண்டி தயிர். இரவில் வெள்ளரிக்காயோ பப்பாளித் துண்டோ மட்டும். ஆடி வெள்ளி வந்தபோது அந்த மதியச் சோறும் இல்லை. மாத்திரை மட்டும் பழையபடி, ஒன்றுகூடக் குறையாமல். மாத்திரையை விடாமல் சாப்பிடும் நல்ல நோயாளி அவர். அதுவே இங்கே அவருக்கு எதிராகத் திரும்பியது.

ஆகஸ்ட் கடைசியில் 66.4. எங்கள் நிலையத்துச் சுவரில் எடை அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தோம். அவர் பெயருக்கு நேராக அந்த எண்ணை எழுதியபோது எல்லோரும் கைதட்டினோம். நானும் தட்டினேன்.

அதே நாட்களில் நான் பார்த்த வேறு சிலவும் உண்டு. அவற்றை ஒன்று சேர்த்துப் பார்க்கவில்லை. ரவிக்கையின் கை இரண்டு விரல் நுழையும் அளவுக்குத் தொளதொளத்துப் போயிருந்தது. பாவாடை நாடாவோ கிட்டத்தட்டப் பழைய இடத்தில்தான் என்று அவரே சொல்லிச் சிரித்தார். வயிறு அப்படியே இருக்க, கையில் சதை போய்க்கொண்டிருந்தது. நாற்காலியிலிருந்து எழும்போது இரண்டு கையையும் மேசையில் ஊன்றினார். முட்டிவலி என்று நினைத்தேன். காலையில் தலைவலி என்றார். விடியற்காலையில் தலையணை நனைந்துவிடுகிறது, கெட்ட கனவு வருகிறது என்றார். அவர் கணவர், "புழுக்கம் மிஸி, நான் காத்தாடிய வேகமா வச்சிட்டேன்" என்றார். பழைய ஆட்கள் தாதியை மிஸி என்றுதான் கூப்பிடுவார்கள். 30 ஆண்டு தாதியாக இருந்தவளுக்கு அந்த நனைந்த தலையணை போதுமான சேதி. அன்று அது என் காதில் விழுந்தும் மனதில் விழவில்லை.

சர்க்கரைக் குறிப்பேடு வைத்திருந்தார். வாரம் ஒருநாள், எப்போதும் காலை ஏழு மணிக்கு. லிட்டருக்கு மில்லிமோல் கணக்கில் 5.4, 5.1, 5.6. எல்லாம் அழகான எண்கள். நள்ளிரவிலோ பிற்பகலிலோ ஒருமுறைகூடக் குத்திப் பார்த்ததில்லை.

2024 அக்டோபர் 5

புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. சிராங்கூன் சாலை ஸ்ரீனிவாசப் பெருமாள் கோயிலில் வரிசை வெளியே வரை நின்றது. எனக்கு ஏழெட்டு ஆள் முன்னால் அக்காவும் அவர் கணவரும். மணி ஒன்பதரை இருக்கும்.

அவருடைய முதுகைப் பார்த்துத்தான் எனக்குச் சந்தேகம் வந்தது. நல்ல அரக்குப் பட்டு ரவிக்கை, முதுகு முழுக்க நனைந்து கறுத்திருந்தது. பக்கத்தில் நின்றவர்கள் யாருக்கும் அவ்வளவு வேர்வை இல்லை. முன்னால் போய், "அக்கா, காலையில என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டேன். "இன்னைக்கு சனிக்கிழமை" என்றார். மறுபடி கேட்டேன். அதே பதில், அதே குரல். மூன்றாம் முறையும் அதே. கண் என்னைப் பார்த்தது, ஆனால் நான் யார் என்று தேடியது. கையில் இருந்த துளசிப் பையின் கயிற்றை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"வெயில் மயக்கம் மிஸி" என்றார் கணவர். பின்னால் நின்ற ஒரு தம்பி நல்ல மனதோடு தன் போத்தலை நீட்டினார். சர்க்கரை சேர்க்காத பச்சைத் தேநீர். நியூட்ரி-கிரேட்டில் 'ஏ'. மற்ற நாளில் அதுதான் நல்லது. அந்த நேரத்தில் அது வெறும் தண்ணீர்.

என் கணவருக்கும் இனிப்புநீர் என்பதால் கருவி எப்போதும் என் பையில் இருக்கும். குத்திப் பார்த்தேன். 2.9. நான்குக்குக் கீழே போனால் லோ சுகர். மூன்றுக்குக் கீழே போனால் மூளைக்குப் போகும் தீனியே குறைகிறது என்று பொருள். "இனிப்பா ஏதாவது இருக்கா?" என்று கத்தினேன். ஒரு பையன் கிரிசாந்திமம் தேநீர் பாக்கெட் கொடுத்தான். இனிப்புள்ளதுதானா என்று முதலில் பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தேன். முழுதாகக் குடிக்க வைத்தோம். 15 நிமிடத்தில் 3.8. யாரோ அதற்குள் சர்க்கரைப் பொங்கல் தொன்னையைக் கொண்டுவந்தார்கள். அதில் நெய் இருப்பதால் சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும். அதை வாங்கி வைத்துவிட்டு, பக்கத்தில் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரை கேட்டு வாங்கிக் கரைத்துக் கொடுத்தேன். அடுத்த 15 நிமிடத்தில் 4.9. அப்புறம்தான் பொங்கல்.

"நீங்க எப்ப வந்தீங்க?" என்று என்னைக் கேட்டார் அக்கா. அரை மணி நேரமாக அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தேன்.

வீட்டுக்குப் போய்ப் படுக்கிறேன் என்றார். விடவில்லை. கிளிப்பிசைடால் லோ சுகர் வந்தால், சர்க்கரை ஏறினதுபோல் ஏறி, சில மணி நேரத்தில் மறுபடி இறங்கலாம். வாடகை வண்டி பிடித்து மருத்துவமனைக்குக் கூட்டிப் போனோம். அன்று பிற்பகல் மறுபடி 3.6க்கு இறங்கியது. ஒரு நாள் வைத்திருந்து அனுப்பினார்கள்.

பிரித்துப் பார்த்தபோது

அன்று காலை ஆறரைக்கு இரண்டு கிளிப்பிசைடு மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கியிருக்கிறார். மத்தியானப் பூசை முடியும்வரை சாப்பாடு இல்லை. மெட்ஃபார்மின் தனியாக இப்படிச் செய்வது அரிது. கிளிப்பிசைடு வேறு வகை. சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்திலிருந்து இன்சுலினைப் பிழிந்து விடும். கிளிக்லசைடு, கிளிமிபிரைடு எல்லாம் அதே குடும்பம். அந்த 15 மில்லிகிராம், 74 கிலோவும் குவித்த சோறும் இருந்த காலத்துக்கு எழுதியது. 65 கிலோவும் வெள்ளரிக்காயும் ஆன பிறகும் அதே அளவு உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இத்தனை நாள் ஏன் தெரியவில்லை? லோ சுகர் வந்தால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும் என்று எல்லோருக்கும் சொல்லிக் கொடுக்கிறோம். அவர் சாப்பிட்ட பிசோப்ரோலோல் அந்தப் படபடப்பையும் நடுக்கத்தையும் அமுக்கிவிடும். வேர்வையை மட்டும் அமுக்காது. இரவில் நனைந்த தலையணையும் கோயிலில் நனைந்த முதுகும் உடல் கொடுத்த முக்கிய அடையாளம். வயது ஏற ஏற மற்ற அறிகுறிகளும் மங்கிவிடும். குழப்பமும் மந்தமும்தான் வெளியே தெரியும். வீட்டில் அதை "வயசாகுது" என்று எடுத்துக்கொள்வோம்.

மருத்துவமனையில் எடுத்த எச்பிஏ1சி 6.3. அந்த எண்ணை மட்டும் காட்டினால் யாரும் பாராட்டுவார்கள். கிளிப்பிசைடு சாப்பிடும் 68 வயதுக்காரருக்கு 6.3 ஓர் எச்சரிக்கை மணி. நாளில் சில நேரம் சர்க்கரை மிகவும் கீழே போவதை அந்தச் சராசரி மறைத்துவிடக்கூடும்.

அடுத்த வாரம் நிலையத்தில் அளந்து பார்த்தேன். எடை 64.8, இடுப்பு 97. எட்டு மாதத்தில் 9.4 கிலோ போயும் இடுப்பு 4 சென்டிமீட்டர்தான் குறைந்திருக்கிறது. கையைக் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொன்னேன். பிப்ரவரியில் 13.8 வினாடி எடுத்தவர் இப்போது 19.2. ஆசியாவுக்கான 2019 தசை இழப்பு வழிகாட்டியில் 12 வினாடியைத் தொட்டாலே குறைவு. கைப்பிடி வலு 14 கிலோ. பெண்களுக்கு 18க்குக் கீழே போகக் கூடாது. அவர் சாப்பிட்டதைக் கணக்குப் போட்டால் ஒரு நாளைக்குப் புரதம் 25 கிராமைத் தாண்டவில்லை. அவர் எடைக்கு 65 முதல் 78 கிராம் வேண்டும்.

போன எடையில் கணிசமான பங்கு தசை. அவருடைய முட்டியைத் தாங்க வேண்டியதே அந்தத் தொடைத் தசைதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருந்தகத்தில் மருத்துவர் முதலில் செய்தது இரவுக் கிளிப்பிசைடை அன்றே நிறுத்தியது, காலை மாத்திரையைப் பாதியாக்கியது. ஆறு வாரம் குறிப்பேட்டைப் பார்த்துவிட்டுக் காலை மாத்திரையையும் நிறுத்தினார். பயத்தில் அக்கா எல்லா மாத்திரையையும் தானே நிறுத்தப் பார்த்தார். அதை விடவில்லை. மெட்ஃபார்மின் தொடர வேண்டியது. எச்பிஏ1சி இலக்கை 7 முதல் 7.5 வரை என்று தளர்த்தினார்கள். இந்த வயதில் சராசரி அரைப் புள்ளி கூடுவதால் வரும் கெடுதல் மெதுவானது. ஒரு லோ சுகர் விழுந்து இடுப்பெலும்பை உடைத்துவிட்டால், அது அந்த ஒரே நாளில் நடந்துவிடும்.

இரண்டாவது முடிவில்தான் சண்டை வந்தது. உணவியல் வல்லுநர், மூன்று மாதத்துக்கு எடையை இறக்கவே வேண்டாம், 65க்கும் 67க்கும் இடையில் நிறுத்தி வைத்துத் தசையைக் கட்டுவோம் என்றார். மகனுக்கு அது புரியவில்லை. "இன்னும் அஞ்சு கிலோதானே, அம்மா இவ்வளவு தூரம் வந்துட்டாங்க" என்றார். அக்கா அழுதுவிட்டார். அவருடைய பயம் வேறு. "ஒருவாய் கூடச் சாப்பிட்டா பழையபடி 74க்குப் போயிடுவேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். எட்டு மாதம் பசியோடு இருந்து சம்பாதித்ததை நாங்கள் பிடுங்குவதாக அவருக்குத் தோன்றியது. அந்தப் பயத்துக்குப் பதில் சொல்ல எங்களுக்கு ஒரு மதியம் முழுக்கத் தேவைப்பட்டது. கடைசியில் அவரைச் சம்மதிக்க வைத்தது என் பேச்சு இல்லை, அந்த 19.2 வினாடி. "அப்ப நான் எழுந்திரிக்க முடியாமப் போயிடுவேனா?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

மூன்றாவதாக, 14 ஆண்டு மெட்ஃபார்மின் சாப்பிட்டவர் என்பதால் பி12 பார்க்கச் சொன்னார் மருத்துவர். அந்த மாத்திரை பி12 உடலில் சேர்வதைத் தடுக்கும். குறைவாகவே இருந்தது. பாத எரிச்சலை இத்தனை நாள் இனிப்புநீரின் கணக்கில் எழுதியிருந்தோம். பி12 மாத்திரை தொடங்கினார். சர்க்கரை வேகமாக இறங்கினால் கண்ணின் விழித்திரை பாதிக்கப்படலாம் என்பதால் கண் படமும் எடுத்தார்கள். அதில் புது மாற்றம் எதுவும் இல்லை.

தட்டும் நாற்காலியும்

சிறுநீரகச் சோதனை சரியாக இருந்ததால் புரதத்தைக் கூட்டலாம் என்றார்கள். சுகாதார மேம்பாட்டு வாரியம் சொல்லும் தட்டு எளிமையானது: பாதி காய்கறி பழம், கால் முழுத்தானியம், கால் மீன், முட்டை, பருப்பு வகை. எங்கள் சாப்பாட்டில் அந்தக் கடைசிக் கால்தான் காணாமல் போயிருந்தது. சாம்பார் ஊற்றிக்கொள்கிறோம், அதனால் பருப்புச் சாப்பிட்டுவிட்டோம் என்று நினைக்கிறோம். ஒரு கரண்டி சாம்பாரில் பருப்பு எவ்வளவு இருக்கும்?

காலையில் இரண்டு தோசை, கெட்டிச் சாம்பார், அவித்த முட்டை. மதியம் உள்ளங்கை அளவு மீன், தேக்கா சந்தையில் வாங்கிய கீரை, இட்லிக் கிண்ணத்தால் அளந்த ஒரு கிண்ணம் சோறு. இரவுச் சாப்பாடு திரும்ப வந்தது: ஒரு சப்பாத்தி, கெட்டிப் பருப்பு, காய். செவ்வாய், வெள்ளி, புரட்டாசி எல்லாம் சைவம். அந்த நாட்களுக்கு முட்டையும் மீனும் இல்லாமல் எப்படி என்று யோசித்தபோது, சோயாவில் செய்யும் தௌகுவாவும் (கெட்டித் தோஃபு) தெம்பேயும் (நொதிக்க வைத்த சோயாக் கட்டி) கைகொடுத்தன. தெம்பேயைச் சின்னதாக வெட்டி, கொஞ்ச எண்ணெயில் வாட்டிப் புளிக்குழம்பில் போட்டார். "இது மலாய்க்காரங்க சாமான்" என்று முதல்நாள் முகத்தைச் சுளித்த கணவர், இப்போது அது இல்லாத வெள்ளிக்கிழமையில் கேட்கிறார்.

உடற்பயிற்சிக்குச் சாப்பாட்டு மேசை நாற்காலி போதும். அதைச் சுவரோடு ஒட்டிப் போட்டு, ஐந்து முறை எழுந்து உட்காருவது, ஒரு நாளைக்கு மூன்று வேளை. முதல் வாரம் கையை ஊன்றி, பிறகு ஒரு கை, பிறகு கையில்லாமல். புதனும் வெள்ளியும் நிலையத்தில் ரப்பர்ப் பட்டை இழுப்பது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் கீழே பத்து நிமிட நடை. பையில் எப்போதும் இனிப்புள்ள ஒரு பாக்கெட் பானம்.

அடுத்த ஓராண்டு

தீபாவளிப் பலகாரத்தில் ஒன்றரை கிலோ ஏறியது. அக்கா அதைப் பெரிய தோல்வியாக எடுத்துக்கொண்டார். பொங்கலுக்குள் அது 66இல் நின்றது. கிளிப்பிசைடு நின்றதும் எச்பிஏ1சி 2025 மார்ச்சில் 7.4க்கு ஏறியது. கணவர் பதறி, பழைய மாத்திரையைத் திரும்பக் கேட்கச் சொன்னார். மருத்துவர் இலக்குக்குள்தான் இருக்கிறது என்று எதையும் சேர்க்கவில்லை. ஆகஸ்டில் 7.1.

2025 செப்டம்பரில் அளந்தபோது எடை 66.3. கோயிலில் விழப்போன நாளைவிட 1.5 கிலோ அதிகம். இடுப்பு 92, ஐந்து சென்டிமீட்டர் குறைவு. எழுந்து உட்காருவது 12.6 வினாடி. கைப்பிடி 17 கிலோ, இன்னும் 18ஐத் தொடவில்லை. அதன்பின் ஒரு லோ சுகரும் இல்லை. பாத எரிச்சல் ஐந்து மாதத்தில் அடங்கியது. மரத்துப்போன பகுதி அப்படியே இருக்கிறது. முட்டிவலியும் போகவில்லை. ஆனால் ஒரு மாடி ஏற முடிகிறது. அறுவை சிகிச்சையை ஓராண்டு தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பிஎம்ஐ இன்னும் 28க்கு மேல். இனி அவர் இறக்கப்போவது இரண்டு கிலோவோ மூன்று கிலோவோ, மெதுவாக. நாட்காட்டி மாறியபோது 60 போய்விட்டது.

நாங்கள் மாற்றிக்கொண்டவை

சுவரில் இருந்த எடை அட்டவணையைக் கழற்றிவிட்டோம். இப்போது ஒவ்வொருவருக்கும் தனி அட்டை. எடை, இடுப்பு, ஐந்து முறை எழும் நேரம் மூன்றும் சேர்ந்தே எழுதப்படும். எடை இறங்கி எழும் நேரம் கூடினால் அன்றே உட்கார்ந்து பேசுவோம். அதற்கு யாரும் கைதட்ட மாட்டார்கள்.

சாப்பாட்டைக் குறைக்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் மாத்திரைப் பையைக் கொண்டுவரச் சொல்கிறேன். கிளிப்பிசைடு குடும்பமோ இன்சுலினோ இருந்தால், முதலில் மருத்துவரிடம் போய் "நான் சாப்பாட்டைக் குறைக்கிறேன், மருந்தை என்ன செய்யலாம்?" என்று கேட்டுவிட்டு வர வேண்டும். ஒரு மருத்துவர் கொடுத்த எடை இலக்கை மற்ற மருத்துவருக்கும் சொல்ல வேண்டும். இரவில் வேர்வை, காலையில் தலைவலி என்றால் விடியற்காலை மூன்று மணிக்கு ஒருநாள் எழுந்து குத்திப் பார்க்கச் சொல்கிறேன்.

எனக்கு மிகவும் உறுத்தும் இடம் விரதம். ரமலான் வருமுன் எங்கள் நிலையத்து மலாய் அக்காக்கள் மருந்தகத்துக்குப் போய், நோன்புக்கு ஏற்றபடி மருந்தை மாற்றி எழுதி வாங்கி வருகிறார்கள். மருத்துவரும் கேட்கிறார், அவர்களும் சொல்கிறார்கள். நமக்கு ஆடி வெள்ளி, புரட்டாசிச் சனி, கந்த சஷ்டி, தைப்பூசத்துக்கு முந்தைய விரத நாட்கள் என்று ஆண்டு முழுக்க இருக்கிறது. மருத்துவருக்கு அது தெரிய வழியில்லை, நாமும் வாய் திறப்பதில்லை. அது சாமி விஷயம், மருந்தகத்தில் பேசுவதில்லை என்று நினைக்கிறோம். இப்போது ஜூன் மாத வகுப்பிலேயே அடுத்த ஆறு மாத விரத நாட்களைத் தாளில் எழுதிக் கொடுக்கிறோம். அந்தத் தாள் மருந்தகத்துக்குப் போக வேண்டும்.

2025 அக்டோபர் 4

மறுபடி புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை. இந்த முறை அக்கா விரதத்தை மருத்துவரிடம் சொல்லிவிட்டுத்தான் இருந்தார். முழுப் பட்டினி இல்லை, சைவம் மட்டும். காலையில் சர்க்கரை சேர்க்காத சோயா பாலும் இரண்டு இட்லியும் சாப்பிட்டுவிட்டு வந்தார். வரிசையில் சேருமுன் அவரே குத்திப் பார்த்து என்னிடம் காட்டினார். 6.8.

தரிசனம் முடிந்து தூண் ஓரமாகத் தரையில் உட்கார்ந்தோம். அவர் தரையில் உட்கார்ந்து இரண்டு ஆண்டு இருக்கும். எழும் நேரம் வந்தபோது கணவர் இரண்டு கையையும் நீட்டினார். அக்கா ஒரு கையை மட்டும் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை முட்டியில் வைத்து, வலியில் உதட்டைக் கடித்தபடி எழுந்து நின்றார். அப்புறம் புடவைக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு, அன்னதான வரிசை எந்தப் பக்கம் என்று கேட்டார்.